982.002 மெகாஹெர்ட்ஸ்: பிராக்சிமாவிலிருந்து வந்ததாகத் தோன்றிய ஒரு சிக்னலின் கதை

2020 டிசம்பர் 18 அன்று பிரிட்டனின் தி கார்டியன் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் திசையிலிருந்து விசித்திரமான ரேடியோ சிக்னல் ஒன்று பதிவாகியிருக்கிறது, வானியலாளர்கள் அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றது அந்தச் செய்தி. கொரோனா ஆண்டின் கடைசி வாரங்கள். பாதி உலகம் வீட்டுக்குள் உட்கார்ந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். செய்தி எந்த வேகத்தில் பரவியது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக் குழுவினரோ அதுவரை வாயே திறக்கவில்லை. விஷயம் கசிந்துதான் வெளியே வந்தது.

பத்து மாதம் கழித்து, 2021 அக்டோபரில், நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் இரண்டு கட்டுரைகள் ஒரே நாளில் வெளியாயின. சிக்னல் எப்படிக் கிடைத்தது என்பதை ஒன்று சொன்னது. அது ஏன் வேற்றுலகத்திலிருந்து வந்ததல்ல என்பதை இன்னொன்று சொன்னது. அதோடு பெரும்பாலானோர் அதை மறந்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவைவிட, முடிவுக்கு வந்துசேர்ந்த வழிதான் முக்கியமாகப் படுகிறது. வேற்றறிவை, அதாவது பூமிக்கு வெளியே இருக்கக்கூடிய அறிவுள்ள உயிர்களை, தேடும் முறை எங்கே பலமாக நிற்கிறது, எங்கே ஓட்டை விடுகிறது என்பதை இந்த அளவுக்குக் காட்டிக்கொடுத்த நிகழ்வு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

வேறு வேலையாகப் போன இடத்தில்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே, பார்க்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1961 முதல் இயங்கிவருகிறது. 1969-இல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது அந்தக் காட்சிகளை வாங்கி உலகத்துக்குக் கொடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மண்ணின் பழங்குடிகளான விராஜுரி மக்களின் மொழியிலிருந்து எடுத்து, 2020-இல் இதற்கு முரியாங் என்றும் பெயர் சூட்டினார்கள். வானுலகம் என்று பொருள்.

2015-இல் யூரி மில்னர் என்ற செல்வந்தர் பத்து கோடி டாலர் தருவதாகச் சொல்லி, ஸ்டீபன் ஹாக்கிங்கையும் மேடையில் வைத்துக்கொண்டு, பிரேக்த்ரூ லிசன் என்ற பத்தாண்டுத் திட்டத்தை அறிவித்தார். அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியிலும் பார்க்ஸிலும் நேரத்தை விலைக்கு வாங்கி, பக்கத்து விண்மீன்களிலிருந்து செயற்கையான சிக்னல் ஏதாவது வருகிறதா என்று கேட்பதுதான் திட்டம்.

2019 ஏப்ரல் 29 முதல் மே 4 வரை பிராக்சிமாவை அவர்கள் 26 மணி நேரம் பார்த்ததற்கு முதல் காரணம் வேறு. பிராக்சிமா ஒரு சிவப்புக் குறுமீன். அளவில் சின்னது, ஆனால் பொல்லாத குணம். திடீர் திடீரென்று சீறி வெடிக்கும். 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அதை பிராக்சிமா பி என்ற கோள் 11.2 நாளுக்கு ஒரு முறை சுற்றுவதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். இந்தச் சீற்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோளில் எதுவும் உயிர் தரிக்குமா என்று அறிய, சீற்றங்களின் ரேடியோ முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகப் பதிவான தரவையே வேற்றறிவுத் தேடலுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். வேறு வேலையாகப் போனபோது கிடைத்த சரக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த தலைவலியில் இதற்கும் பங்கு உண்டு.

எதைத் தேடுகிறார்கள்?

1959-இல் கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், விண்மீன்களுக்கிடையே பேச ரேடியோ அலைதான் தோதானது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே பிராங்க் டிரேக் கிரீன் பேங்கில் 26 மீட்டர் தொலைநோக்கித் தட்டு ஒன்றை டாவ் சேட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களின் பக்கம் திருப்பினார். அன்று ஒரே ஒரு அலைவரிசையைத் திருகித் திருகிக் கேட்டார்கள். இன்று கோடிக்கணக்கான அலைவரிசைகளை ஒரே நேரத்தில் கணினி பிரித்துத் தருகிறது. அடிப்படைக் கேள்வி மட்டும் மாறவில்லை: இயற்கையால் செய்ய முடியாதது எது?

அதற்கு வழக்கமான பதில், அதிர்வெண்ணில் குறுகிய சிக்னல். விண்மீனோ வாயு மேகமோ வெடிப்போ எதுவானாலும், இயற்கை ரேடியோ அலையை அள்ளித் தெளிக்கிறது. அதிர்வெண்ணில் அகலமாகப் பரவிக் கிடக்கும். நமக்குத் தெரிந்தவற்றில் மிகக் குறுகிய இயற்கை மூலமான மேசர்கூட (வாயு மேகங்களில் இயற்கையாகவே பெருக்கப்படும் ரேடியோ அலை) சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஊசி முனை போல ஒரு சிக்னல் நின்றால், அதற்குப் பின்னால் யாரோ செய்த ஒரு கருவி இருக்கிறது என்று பொருள். அந்த யாரோ நாமா, வேறு எவருமா என்பதுதான் மீதிக் கேள்வி.

அடுத்த வடிகட்டி, நகர்வு. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி கூடியும், விலகும்போது குறைந்தும் கேட்கிறது அல்லவா, அதே டாப்ளர் விளைவுதான். பூமி சுழல்வதால் தொலைநோக்கியும் சேர்ந்து சுழல்கிறது. தொலைவிலிருந்து நிலையாக வரும் சிக்னலின் அதிர்வெண், ஒரு கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், நொடிக்கு அதிகபட்சம் 0.1 ஹெர்ட்ஸ் அளவில் நகர்வதாகத் தெரியும். சிக்னலை அனுப்பும் கோளும் தன் பங்குக்குச் சுழலும், சுற்றும். மாறாக, தொலைநோக்கியின் பக்கத்திலேயே நிற்கும் ஒரு கருவி நம்மோடு சேர்ந்தே சுழல்வதால் அதன் சிக்னல் நகராது. ஆகவே நகராததைத் தள்ளிவிடலாம், நகர்வதைப் பிடித்துக்கொள்ளலாம். இதற்கென்றே டர்போசெட்டி என்ற நிரல் இருக்கிறது. ஒவ்வொரு நகர்வு வேகத்துக்கும் தரவைச் சாய்த்துச் சாய்த்துக் கூட்டிப் பார்த்து, எந்தச் சாய்வில் சிக்னல் தலை தூக்குகிறது என்று சொல்லும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் எளிமையானது, நம்பகமானது என்றும் கருதப்பட்டது. தொலைநோக்கியை விண்மீன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்பது, பிறகு வேறு பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம், மறுபடி விண்மீன். 982 மெகாஹெர்ட்ஸில் பார்க்ஸின் பார்வை வட்டம் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த வட்டத்துக்குள் இருக்கும் மூலம் திருப்பினால் மறைய வேண்டும், திரும்பி வந்தால் மீண்டும் தெரிய வேண்டும். பக்கவாட்டில் நுழையும் உள்ளூர் இரைச்சலோ, தட்டு எங்கே பார்த்தாலும் தொடர்ந்து கேட்கும். ‘விண்மீன் மேல் இருக்கும்போது மட்டும்’ என்ற நிபந்தனையைத் தாண்டுவது லேசான காரியமல்ல.

பார்க்ஸ்காரர்களுக்கு உள்ளூர் இரைச்சலின் அருமை நன்றாகவே தெரியும். ‘பெரிடான்’ என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் குழம்பிய ஒரு வகை ரேடியோ துடிப்பு, உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை நேரம் முடியும் முன்பே யாரோ திறந்ததால் வந்தது என்று 2015-இல் அவர்களே கண்டுபிடித்து எழுதினார்கள். பசி பொறுக்காத ஒரு கை, வானியலில் தனி வகைப்பாடே உருவாக்கியிருந்தது!

நாற்பது லட்சத்தில் ஒன்று

2020 கோடையில் ஷேன் ஸ்மித் என்ற இளங்கலை மாணவர், மிச்சிகனின் ஹில்ஸ்டேல் கல்லூரியில் படித்துக்கொண்டே, பிரேக்த்ரூ லிசனின் பெர்க்லி குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்து இந்தத் தரவை அலசினார். 0.7 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்த பட்டை. டர்போசெட்டி அதில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்னல்களைப் பிடித்தது. விண்மீன் மேல் இருக்கும்போது மட்டும் தெரிந்தவை என்று வடிகட்டியதும் ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. அவற்றைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் கையில் நின்றது ஒன்று.

ஏப்ரல் 29 அன்று பதிவானது. 982.002 மெகாஹெர்ட்ஸ். சில ஹெர்ட்ஸ் அகலம்கூட இல்லாத ஊசி. நொடிக்கு 0.038 ஹெர்ட்ஸ் வேகத்தில், குதிக்காமல் தயங்காமல், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக, தட்டு பிராக்சிமாவைப் பார்க்கும்போதெல்லாம் இருந்தது, திருப்பியபோதெல்லாம் காணோம். மூன்று வடிகட்டியையும் முறைப்படி தாண்டிவிட்டது. திட்டம் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக ஒரு சிக்னலுக்கு ‘வேட்பாளர்’ என்ற தகுதி கொடுத்து, பிரேக்த்ரூ லிசன் கேண்டிடேட் 1, சுருக்கமாக பிஎல்சி1 என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே நிறுத்தி, அந்தக் குழுவின் நிலையில் நம்மை வைத்துப் பார்க்கலாம். விமானமா? விமானம் மணிக்கணக்காக ஒரே விண்மீன் முன்னால் நிற்காது. செயற்கைக்கோளா? தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளின் நகர்வு வேகம் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அந்த வட்டாரத்தில் 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புவதாகப் பதிவு செய்த கருவி எதுவும் இல்லை. சரி, அப்படியென்றால்?

இடித்த இடங்கள்

வானியலாளர் சோபியா ஷேக் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. எனக்கு முதலில் இடிப்பது நகர்வின் திசை. சிக்னலின் அதிர்வெண் ஏறிக்கொண்டே போனது. தொலைவிலுள்ள நிலையான மூலம் ஒன்றைப் பார்க்ஸ் பார்க்கும்போது, பூமியின் சுழற்சியால் மட்டும் அது இறங்கத்தான் வேண்டும். விண்மீன் கிழக்கே இருக்கும்போது நாம் அதை நோக்கிப் போகிறோம், மேற்கே சாயச் சாய விலகுகிறோம். சுருதி குறைந்துகொண்டே வரும். ஏற வேண்டுமானால் அனுப்புகிறவர் பக்கம் ஏதோ நகர வேண்டும்.

அதுவும் முடியாத காரியமல்ல. பிராக்சிமா பி தன் விண்மீனை அத்தனை நெருக்கத்தில் சுற்றுவதால், 982 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு ஹெர்ட்ஸ் வரைகூட நகர்த்தலைத் தர முடியும். கோள் விண்மீனுக்கு அப்பால் இருக்கும் நாள்களில் அந்த நகர்வு ஏறுமுகமாகவும் இருக்கும். ஆக, திசை இடித்தாலும் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்று அந்த எண். 982.002. ஏறக்குறைய முழு எண். மெகாஹெர்ட்ஸ் என்பதே நொடி என்ற மனித அளவையிலிருந்து பிறந்தது. பிராக்சிமாவில் யாராவது இருந்தாலும் அவர்களுக்கு நம்முடைய நொடி எதற்கு? முழு எண்ணுக்கு இத்தனை நெருக்கமாக வருவதைப் பார்த்தால் கணினியிலும் ரேடியோ கருவியிலும் கடிகாரமாக வேலை செய்யும் குவார்ட்ஸ் படிகத்தின் வாடை அடிக்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம்தான், ஆனால் மூக்கு சொல்வதைக் கேட்டுவைப்பது நல்லது.

படிகம் என்று சந்தேகித்தால் நகர்வும் வேறு மாதிரித் தெரிகிறது. நொடிக்கு 0.038 ஹெர்ட்ஸ் என்றால் மணிக்குச் சுமார் 137 ஹெர்ட்ஸ். 98 கோடி ஹெர்ட்ஸில் இது எழுபது லட்சத்தில் ஒரு பங்கு. விலை மலிவான படிகம் ஒன்று, அறையின் வெப்பம் மெல்ல ஏறினாலோ இறங்கினாலோ இந்த அளவுக்குத் தடம் மாறும். ‘உள்ளூர்க் கருவியின் சிக்னல் நகராது’ என்று நம் இரண்டாவது வடிகட்டி நம்பியிருந்தது இங்கேதான் ஆட்டம் காண்கிறது. கருவி நகராவிட்டாலும் அதன் கடிகாரம் நகரும்.

2020-இன் கடைசியிலும் 2021-இலும் பார்க்ஸை மறுபடி பிராக்சிமா பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஆனால் மறுபடி வராதது எதையும் நிரூபிக்காது. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவின் பிக் இயர் தொலைநோக்கியில் 72 நொடி மட்டும் தெரிந்து, ஜெர்ரி ஏமன் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘வாவ்’ என்று எழுதிவைத்த சிக்னலும் பிறகு வரவேயில்லை; அதைப் பற்றிய வாதமும் இன்னும் முடியவில்லை. பிஎல்சி1-ம் அப்படித் தொங்கலில் விடப்பட்டிருக்கலாம்.

தள்ளிவிட்டதில் கிடைத்தது

தொங்கலில் விடாமல் காப்பாற்றியது பழைய தரவு. வடிகட்டி நாற்பது லட்சத்திலிருந்து ஒன்றை எடுத்தது என்றால், மீதி அத்தனையும் எங்கே போனது? குப்பைக்கு. விண்மீன் மேல் இல்லாதபோதும் தெரிகிறதா, உள்ளூர் இரைச்சல், தள்ளு. முறை அவ்வளவுதான். பிஎல்சி1-க்கு அண்ணன் தம்பி யாராவது இருந்தால் அவர்கள் அந்தக் குவியலில்தான் கிடப்பார்கள். தனித்து நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிகட்டி, அது உண்மையிலேயே தனியா என்று கேட்பதில்லை.

ஷேக் குழு அந்தக் குவியலுக்குத் திரும்பியது. அதே நாள்களின் பதிவில் வேறு வேறு அதிர்வெண்களில் இதே போல ஒல்லியாக, இதே சாயலில் மெல்ல நகரும் சிக்னல் ஏதாவது உண்டா என்று தேடினார்கள். சுமார் அறுபது கிடைத்தன. அவற்றில் தட்டு பிராக்சிமாவை விட்டு விலகியிருந்தபோதும் தெரிந்தவை உண்டு. அதனால்தான் குப்பைக்குப் போயிருந்தன. அதாவது அவை சந்தேகத்துக்கு இடமில்லாத உள்ளூர்ச் சரக்கு. அவற்றின் அதிர்வெண்களுக்கு இடையே இருந்த இடைவெளிகளைக் கணக்குப் போட்டபோது, மின்னணுக் கருவிகளில் வழக்கமாகப் பயன்படும் கடிகார அதிர்வெண்களின் மடங்குகளோடு உறவு தெரிந்தது. பிஎல்சி1-ம் அந்த வரிசையில் ஓர் உருப்படியாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் திருவிழா ஒலிபெருக்கியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். குழாயைக் கட்டி, சத்தத்தை அதன் சக்திக்கு மேல் திருகிவிட்டால், நாதஸ்வரமும் ஒத்தும் மட்டும் கேட்காது; இரண்டும் கலந்து, இரண்டிலும் இல்லாத ஒரு மூன்றாவது கரகரப்பு சேர்ந்து வரும். ரேடியோ கருவிகளிலும் அப்படித்தான். உள்ளே வருவதை அதே விகிதத்தில் வெளியே தராத ஒரு மின்சுற்றில் இரண்டு அதிர்வெண்கள் நுழைந்தால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் மடங்குகளின் கூட்டல் கழித்தலும் புதிய சிக்னல்களாகக் கிளம்பும். எந்தக் கருவியும் 982.002-இல் ஒலிபரப்பவில்லை, ஆனாலும் 982.002-இல் ஒன்று இருந்தது என்பதற்கு விளக்கம் இதுதான். அலைவரிசைப் பதிவேட்டில் தேடியவர்களுக்கு அது கிடைக்காததில் வியப்பில்லை.

அப்படியானால் அது ஏன் தட்டு திரும்பியபோதெல்லாம் மறைந்தது? இங்கேதான் ‘வேறு வேலையாகப் போன’ கதை வருகிறது. கிரீன் பேங்கில் இத்தகைய தேடலுக்கு வழக்கமான கணக்கு, விண்மீன் மேல் ஐந்து நிமிடம், வெளியே ஐந்து நிமிடம். சீற்றத்தைப் பார்க்க வந்த இந்தப் பதிவிலோ பிராக்சிமா மேல் சுமார் முப்பது நிமிடம், வெளியே ஐந்து நிமிடம். மாற்றிப் பார்க்கும் தடவைகள் குறைவு. போதாக்குறைக்கு, ஐந்து நிமிடத்தில் கேட்பதற்கான கூர்மை முப்பது நிமிடத்தில் இருப்பதைவிட இரண்டரை மடங்கு குறைவு. வந்து வந்து போகும் உள்ளூர் இரைச்சல் ஒன்று, தட்டு தலையசைக்கும் தாளத்தோடு தற்செயலாக ஒத்துப்போக இதில் இடம் அதிகம். ஒரு சிக்னலுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவுதான். நாற்பது லட்சம் சிக்னலில் ஒன்றுக்காவது வாய்க்காமல் போனால்தான் ஆச்சரியம்.

இந்த இடத்தில் சிலர், இவ்வளவு பேரம்பேசி ஒன்றைத் தள்ளிவிடுவானேன் என்று கேட்டார்கள். பக்கத்து விண்மீன், கோள் இருக்கிறது, மூன்று வடிகட்டி தாண்டியது, இன்னும் என்ன வேண்டும்? அறுபது அண்ணன் தம்பிகள் கண் முன்னால் நிற்கும்போது அவர்களில் ஒருவனை மட்டும் வேற்றுக்கிரகத்துப் பிள்ளை என்று சொல்வதற்குத்தான் பேரம் தேவைப்படும்.

பிறகு

மாற்றங்கள் வந்தன. ஒரே தட்டின் தலையசைப்பை நம்பாமல், தூரத்தில் இருக்கும் இரண்டு தொலைநோக்கிகளில் ஒரே நேரத்தில் கேட்பது அவற்றில் ஒன்று. அயர்லாந்திலும் சுவீடனிலும் உள்ள லோபார் என்ற ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பின் நிலையங்களை இப்படிச் சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அயர்லாந்தில் ஒரு பெட்டி சத்தம் போட்டால் சுவீடனுக்குக் கேட்காது. விண்மீன் பேசினால் இரண்டுக்கும் கேட்கும். அதுவும் இரண்டு இடமும் சுழலும் வேகம் வேறு என்பதால் நகர்வில் நுணுக்கமான வித்தியாசத்தோடு கேட்கும். அந்த வித்தியாசத்தை எந்தப் படிகமும் தற்செயலாக நடிக்க முடியாது. 2019-இல் இப்படி இரண்டாவது காது ஒன்று இருந்திருந்தால் பத்து மாத வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இயந்திரக் கற்றலையும் கொண்டுவந்தார்கள். 2023-இல் பீட்டர் மா என்ற இளைஞர் தலைமையிலான குழு, கிரீன் பேங்கில் 820 விண்மீன்களைப் பார்த்த பழைய தரவில், பழைய நிரல் கவனிக்காமல் விட்ட எட்டு சிக்னல்களை எடுத்துக் காட்டியது. மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டபோது எதுவும் வரவில்லை. கண்டுபிடிக்கும் வேகம் கூடியிருக்கிறது. உறுதி செய்யும் வேலை அதே பழைய நிதானத்தில்தான் நடக்கிறது.

பிஎல்சி1-ஐப் பொறுத்தவரை, அது எந்த வகைக் குறுக்கீடு என்று சொல்ல முடிந்தது. எந்தக் கருவி என்று சொல்ல முடியவில்லை. 2019 ஏப்ரல் 29 அன்று பார்க்ஸ் வட்டாரத்தில் ஏதோ ஒரு கட்டடத்திலோ வண்டியிலோ, கடிகாரம் கொஞ்சம் தடம் மாறிய ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போய்க் கேட்டபோது அதன் சத்தம் இல்லை. பழுதாகித் தூக்கிப் போட்டிருக்கலாம், இல்லை யாராவது சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம்.